தங்கை மறைந்தாள், ஆஸ்பத்திரி பிறந்தது!

திருப்பூர் வட்டாரத்தில் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கேட்காத குடும்பம் இராது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் பெண், கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம நர்சிடம் போய்ப் பெயர் பதிகிறாள். அரசாங்கத்தின் மகப்பேறு உதவி அவளுக்குக் கிடைக்கிறது. 2018-ம் ஆண்டு முதல் அந்த உதவியின் மதிப்பு 18,000 ரூபாய். அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பணம் கைக்கு வருகிறது. பெயரும் வாயில் வருகிறது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார்? கேட்டால் பலருக்குத் தெரியாது.

அவர் ஒரு டாக்டர். சட்டசபையில் இருந்தவர். அனாதைப் பெண்களுக்குத் தாயாக இருந்தவர். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர் செய்தார். புற்றுநோய் என்றால் சாவு என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த நோய்க்கென்றே சென்னை அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்பினார். அதற்குக் காரணமாக இருந்தது அவர் வீட்டிலேயே நேர்ந்த ஒரு சாவு.

ராஜா போட்ட உத்தரவு

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் நாராயணசாமி அய்யரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை.

மகள் படிப்பில் சுட்டி. ஆனால் அந்தக் காலத்தில் பெண் பிள்ளை பெரியவளானால் படிப்பு அதோடு சரி. கலியாணப் பேச்சுதான். முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டார்.

அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. ஒரு பெண், அதிலும் தேவதாசி மகள், உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. விஷயம் புதுக்கோட்டை ராஜாவிடம் போயிற்று. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவு போட்டார். 1904-ல் முத்துலட்சுமி அந்தக் கல்லூரிக்குள் கால் வைத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பட்டம். பரிசுகளும் தங்கப் பதக்கங்களும் வந்து குவிந்தன. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் பதவி கிடைத்தது. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியப் பெண் அவரே.

ஒரு பெண் டாக்டரானது என்ன அதிசயம் என்று இன்று தோன்றும். அன்றைய நிலைமையை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டோம் என்று சொன்ன பெண்கள் ஏராளம். பிரசவத்தில் உயிர் போனாலும் சரி, மார்பில் கட்டி வந்து அழுகினாலும் சரி, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பொறுத்துக் கிடந்தார்கள். பெண்ணின் உடம்பைப் பெண்ணே பார்த்துச் சொல்லும் காலம் அப்போதுதான் மெல்லத் தொடங்கியது.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். திருமணத்துக்கு முன்பே முத்துலட்சுமி ஒரு நிபந்தனை போட்டார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். கடைசிவரை சொல் தவறவில்லை. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. மூத்தவர் ராம்மோகன். இளையவர் கிருஷ்ணமூர்த்தி. இந்த இளைய மகனைப் பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

வேறு நோய் என்று எண்ணினார்கள்

1923-ம் ஆண்டு வந்தது.

முத்துலட்சுமியின் தங்கை நோயில் விழுந்தார். இளம் வயது. வயிற்றுக்கடுப்பு என்று எண்ணி அதற்கான மருந்தைக் கொடுத்துவந்தார்கள். நோய் கேட்கவில்லை. பிறகுதான் உண்மை தெரிந்தது. அது கடுப்பு அல்ல, மலக்குடலில் வந்த புற்று. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வலியில் துடித்துத் துடித்து, அக்காள் கண் முன்னாலேயே தங்கை உயிர் விட்டார்.

அக்காளோ டாக்டர். அக்காள் கணவரும் டாக்டர். சென்னையிலே பெரிய வைத்தியர்களை எல்லாம் தெரிந்த குடும்பம். அப்படிப்பட்ட வீட்டிலேயே நோயைச் சரியாக இனம் காண முடியவில்லை என்றால், குக்கிராமத்து ஏழை வீட்டில் என்ன நடக்கும்? அம்மையாரின் மனதை இந்தக் கேள்வி அறுத்தது. அதன்பின் அவர் செய்த வேலைகள் எத்தனையோ. அவற்றுக்கு நடுவிலும் இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1925-ல் மேல்படிப்புக்காகச் சீமைக்குப் போனார். பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றிப் படிப்பதற்காகத்தான் சென்றார். அங்கே லண்டன் நகரில் புற்றுநோய்க்கென்றே தனியாக நடந்துவந்த ஆஸ்பத்திரியைக் கண்டார். அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு கதை உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்ற டாக்டரின் மனைவி புற்றுநோயால் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற துயரத்தில் அவர் 1851-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியின் கதையும் ஏறக்குறைய இதுதான். டாட்டா குடும்பத்தின் மெகர்பாய் அம்மையார் 1931-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். 1941-ல் அந்த ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

லண்டனில் ஒரு வீடு, பம்பாயில் ஒரு வீடு, சென்னையில் ஒரு வீடு. மூன்று வீட்டிலும் சாவு. மார்ஸ்டனுக்கு வசதி இருந்தது; டாட்டாவுக்குக் கோடி இருந்தது. முத்துலட்சுமியிடம் அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் அவருக்கு முப்பது ஆண்டு பிடித்தது.

சட்டசபையில்

நாடு திரும்பியதும் அவரைச் சென்னை சட்டசபைக்கு நியமித்தார்கள். சபையின் துணைத் தலைவராகவும் ஆனார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். தம் தாய் பிறந்த மரபின் துயரம் அது என்பதை அவர் மறக்கவில்லை. அந்த வழக்கத்தை அடியோடு தடுக்கும் சட்டம் 1947-ல் நிறைவேறியது. 1930-ல் காந்தியடிகளைக் கைது செய்தபோது பதவியை உதறித் தள்ளினார். அதே சமயத்தில் தேவதாசி குடும்பத்துப் பெண் பிள்ளைகள் சிலர் அடைக்கலம் கேட்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். வேறு விடுதி எதுவும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். இப்படித்தான் அவ்வை இல்லம் தோன்றியது. இந்த ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

ஏன் ஆஸ்பத்திரி?

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அங்கே அம்மையார் தம் ஆசையை வெளியிட்டார். புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். காரியம் நடக்கவில்லை. பிறகு உலக யுத்தம் வந்தது. சுதந்திரமும் வந்தது. ஆஸ்பத்திரி மட்டும் வரவில்லை.

அதிகாரத்தில் இருந்தவர்களே கைவிரித்தார்கள். புற்று வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அதற்கு ஏன் ஓர் ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களும் உண்டு. இதைக் கேட்டு வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள். அம்மையாருக்கு அப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டது.

அவர் உட்காரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். பொதுமக்களிடம் போய் நின்றார். கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி அதற்குள் டாக்டராகி, மேல்நாடு சென்று புற்றுநோய் வைத்தியம் கற்றுத் திரும்பியிருந்தார். வேறு இடத்தில் கை நிறையச் சம்பாதித்திருக்கலாம். தாயின் பக்கத்தில் வந்து நின்றார்.

1952-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மொத்தம் 12 படுக்கைகள். அவ்வளவுதான்! அடுத்த ஆண்டில் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அரசாங்க வேலையை விட்டுவிட்டு இந்தச் சின்னஞ்சிறு இடத்துக்கு ஏன் போகிறாய் என்று பலரும் அவரைக் கேட்டார்கள். தொடக்க காலத்தில் அவர் சம்பளம்கூட வாங்கவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்து, 2021-ல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார்.

1950-களின் பிற்பகுதியில் கனடா நாட்டிலிருந்து கோபால்ட் இயந்திரம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பாய்ச்சிப் புற்றைக் கருக்கும் இயந்திரம் இது. அது வரை வெளிநாட்டுக்குப் போகக்கூடிய பணக்காரருக்கு மட்டுமே கிடைத்த வைத்தியம், அடையாறில் ஏழைக்கும் கிடைத்தது.

இலை போன்ற கட்டி

எல்லா ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்கும்போது புற்றுக்கு மட்டும் தனி இடம் எதற்கு? அம்மையாரைக் கேட்ட அதே கேள்வியை நாமும் கேட்டுப்பார்க்கலாம். ஓர் அபூர்வக் கட்டியை எடுத்துக்கொண்டால் பதில் விளங்கும்.

பெண்ணின் மார்பில் வரும் கட்டிகள் பல வகை. பெரும்பாலானவை புற்றே அல்ல. இளம் பெண்களுக்குப் பட்டாணி, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி வரும். தொட்டால் எலிக்குஞ்சு போல நழுவி ஓடும். இது நார்க்கட்டி. ஆபத்தில்லாதது. இதே சாயலில் இன்னொரு கட்டி உண்டு. அதற்குப் பில்லாய்டீஸ் கட்டி என்று பெயர். நூறு மார்புக் கட்டிகளில் இது ஒன்றுகூட இராது. அவ்வளவு அபூர்வம்.

1838-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் யோஹன்னஸ் முல்லர் என்ற அறிஞர் இத்தகைய கட்டியை அறுத்துப் பார்த்தார். உள்ளே இலைகளை மடித்து அடுக்கி வைத்ததுபோல் இருந்தது. கிரேக்க மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார்.

இலைக்கட்டி பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டிய பெண்களுக்கு வருகிறது. வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் வலிக்காது. ஆனால் மளமளவென்று வளரும். இரண்டு மூன்று மாதத்தில் எலுமிச்சை அளவு தேங்காய் அளவாவதும் உண்டு. இந்தக் கட்டிகளில் பல சாதுவானவை. சில மட்டும் புற்றாகி, நுரையீரல்வரை போய்விடும்.

இதில் உள்ள சிக்கல் என்ன? வெறும் கையால் தொட்டுப் பார்த்தால் நார்க்கட்டி போலவே தோன்றும். ஸ்கேனிலும் சில சமயம் அப்படியே தெரியும். நார்க்கட்டிதானே என்று எண்ணி, பருப்பை உரித்து எடுப்பதுபோலக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டால், அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும். சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுக்கவேண்டும். அக்குளில் உள்ள நெறிகளை எடுக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. சாதாரண மார்புப் புற்றில் நிலைமை வேறு. அங்கே அக்குள் நெறிகளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மருந்தும் வேறு, முறையும் வேறு. பெயர் மாறினால் வைத்தியமே மாறிவிடும்.

ஆகவே கத்தி வைப்பதற்கு முன்னாலேயே பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் கையால் சோதிக்கிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். பிறகு சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூலிழை போலக் கொஞ்சம் சதை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பயம் ஜனங்களிடம் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

ஆண்டுக்கு நாலு கட்டி பார்க்கும் இடத்தில் இலைக்கட்டியை வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்க்காத டாக்டர் இருப்பார். ஆயிரக்கணக்கானோர் வந்து குவியும் இடத்தில், நுண்ணோக்கியில் பார்த்ததும் அதை இனம் காணும் கண் ஒன்று இருக்கும். வயிற்றுக்கடுப்பு என்று எண்ணித் தங்கையை இழந்த அம்மையாருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செக்கிங் டேபிளில்

நம் ஊரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளைப் பாருங்கள். அங்கே நிற்கும் பெண்ணின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. ஊசிமுனை ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்கிறதா, ஒரே நொடியில் பீஸைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவாள். அவளுக்கே மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் என்ன செய்கிறாள்? வலிக்கவில்லையே என்று விட்டுவிடுகிறாள். லீவு போட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம். மாமியாரிடம் சொல்லப் பயம். ஷிப்மென்ட் போகட்டும், தீபாவளி போனஸ் வரட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள்.

வலி இல்லாததே நல்ல அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மார்புப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புதிதாக ஒரு கட்டி, வேகமாக வளரும் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் நெறி; இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்கவாவது போக வேண்டாமா?

அம்மையார் மாணவியாக இருந்த காலத்தில் மார்புப் புற்றென்றால் மார்போடு அதன் அடிச் சதையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து அறுத்து எடுப்பார்கள். பெண்கள் பயந்து ஓடியதில் வியப்பில்லை. இப்போது அப்படியில்லை. சிறிதாக இருக்கும்போதே வந்தால் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றலாம். முற்றி வந்தவர்களுக்கு முதலில் மருந்தும் கதிரும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்யும் முறையில் அடையாறு ஆஸ்பத்திரி பெயர் பெற்றது.

பணத்துக்கு என்ன செய்வது? பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தால் அந்த அட்டைக்கு வைத்தியம் உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் வைத்தியம் அடங்கும். திருப்பூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கோவையில் புற்றுநோய் வைத்தியம் செய்யும் இடங்கள் இருக்கின்றன. அடையாறுக்கே போக வேண்டுமென்றால், இரவு சேரன் எக்ஸ்பிரசில் ஏறினால் காலையில் சென்னை.

கடைசி நாட்கள்

1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. அப்போது வயது எழுபது. ஓய்வெடுக்கும் வயதுதான். ஆனால் அடையாறில் அவர் பார்க்க வேண்டிய இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று அவ்வை இல்லம், மற்றது ஆஸ்பத்திரி.

1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி முத்துலட்சுமி ரெட்டி காலமானார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 வயது நிறைந்திருக்கும். மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஆஸ்பத்திரியைத் தொடர்ந்து நடத்தினார்கள். 12 படுக்கைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1981-ல் சென்னை நகரில் யாருக்கு எந்தப் புற்று வருகிறது என்று பதிவேடு எழுதத் தொடங்கியதும் அங்கேதான்.

அம்மையாரின் பிறந்த நாளான ஜூலை 30-ந் தேதியைத் தமிழ்நாடு அரசு 2019-ல் மருத்துவமனை தினமாக அறிவித்தது.